மதுரைக் கோவிலும் மலைத் தோட்டமும்

கேமரன் மலையிலே கொழுந்தின் நிறுவைக் கணக்கெழுதிக் காலங்கழிக்கும் கிராணியாகிய யாம், சென்ற ஆண்டு மதுரைக்குச் சென்று மீனாட்சியம்மன் கோவிலைக் கண்டு மீண்டோம். பக்தி மேலீட்டாற் சென்றோம் என்று சொல்லிக்கொள்ளத் துணியோம். எம் தோட்டத்து லயத்தில் வாழும் எண்பது கடந்த மூதாட்டியார் ஒருவர் இட்ட பணியே எம்மை அங்கு இழுத்துச் சென்றது.

அம்மூதாட்டியாரின் தந்தையார் மேலூர்ப் பக்கத்தார். தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட வகுப்பினர். 1937-இல் நாகப்பட்டினத்திற் கப்பலேறினார். தொழிலாளரை உதவிச் செலவு கொடுத்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய சர்க்கார் 1938 ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டமையால், அவர் கடைசியாக வந்தவர்களுள் ஒருவர் எனலாம். புறப்படுமுன் மதுரைக்கு நடந்துபோய், கோவிலுக்கு எதிர்த் தெருவில் நின்றபடியே கோபுரத்தைக் கும்பிட்டாராம். உள்ளே பொற்றாமரைக் குளம் என்று ஒன்று உண்டென்பதைப் பிறர் வாயாற் கேட்டு, அதனைத் தம் மகளுக்குச் சொல்லிவிட்டு இம்மலையிலேயே மாண்டார்.

"அந்தக் குளத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க தம்பி. செவப்பு அட்டைய வெச்சிக்கிட்டு நான் எங்க போறது?" என்றார் மூதாட்டியார். இந்நாட்டிற் பிறந்தும் குடியுரிமை பெறாதார் கையிலுள்ளது அச்சிவப்பு அட்டை.

ஆங்கிலத்தின் வழியே கற்ற எமக்கு வாட்டர்லூப் போர் நிகழ்ந்த ஆண்டு தெரியும். மதுரைக் கோவிலின் கதவு எந்த ஆண்டில் திறந்தது என்பது தெரியாது. வெட்கத்துடன் நூல்களைப் புரட்டினோம்.

1897-இல் கமுதிக் கோவிலுக்குள் நாடார் சிலர் புகுந்து வழிபட்டனர். இராமநாதபுரம் ஜமீன் வழக்குத் தொடுத்தது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908-இல் அம்மன்றமும் நாடார்க்கு உள்ளே செல்லும் உரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுத் தெய்வத்தைத் தமிழர் யார் காணலாம் என்பதைத் தேம்ஸ் நதிக்கரையில் முடிவு செய்தார்கள் என்றால் அன்றைய நம் நிலையை என்னென்பது! 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். அதன் பிறகும் மதுரை அசையவில்லை.

1939 ஜூலை 8-இல் அசைந்தது. அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட தோழர் சிலரை அழைத்துக்கொண்டு கோவிலுக்குள் நுழைந்தார். பின்னாளில் சென்னை மாநில அமைச்சரான கக்கன் அவர்களுள் ஒருவர். அவர் பிறந்த தும்பைப்பட்டியும் மேலூரை அடுத்ததே. உடன் சென்றவர்களுள் விருதுநகர் எஸ். எஸ். சண்முக நாடாரும் இருந்தார் என்பதைக் கமுதி வழக்கோடு வைத்துப் படித்தல் வேண்டும். பட்டர்களிற் சிலர் கோவில் தீட்டுப்பட்டது என்று பூசை செய்ய மறுத்தனர். நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு பூசை தடையின்றி நடக்கச் செய்தார். நுழைந்தவர்மீதும் நுழைவித்தவர்மீதும் வழக்குப் பாயாதிருக்க இராஜாஜி மந்திரிசபை அவ்வாண்டிலேயே சட்டம் செய்தது. 1947-இல் மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது. தாழ்த்தப்பட்டோர்க்குக் கதவு திறக்கும்வரை அக்கோவிலுக்குட் செல்லேன் என்றிருந்த காந்தியடிகள், 1946-இல் மதுரை வந்தபோது உள்ளே சென்றார்.

மேலூர்க்காரர் இரண்டே ஆண்டுகள் பொறுத்திருந்தால்! ஆனால் வயிறு பொறுக்குமா?

கோவிலின் பெருமையை விரிக்க இங்கு இடமில்லை. பதினான்கு கோபுரங்களுள் தென்கோபுரமே உயர்ந்தது. ஏறக்குறைய 170 அடி. ஆயிரக்கால் மண்டபத்தில் உள்ளவை 985 தூண்களே. அம்மனை முதலில் வணங்கிப் பின்னரே சொக்கரை வணங்குவது இங்குள்ள வழக்கம். இரவிலே சொக்கரின் திருவடிகளைப் பல்லக்கில் ஏற்றி அம்மனின் பள்ளியறைக்குக் கொண்டு செல்வதையும் கூட்டத்தோடு நின்று கண்டோம். அம்மன் தேடிப் போவதில்லை, ஐயன்தான் வருகிறார்! ஆடவர் சிந்திக்கத்தக்க வழக்கம்.

குளத்தின் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. ஆதலாற் படம் இல்லை. படிகளையும், சுற்று மண்டபத்தையும், நீரில் விழுந்த தென்கோபுரத்தின் நிழலையும் கண்ணாலேயே கணக்கெடுத்துக்கொண்டோம்.

அங்கிருந்தபோது எம் மலை நினைவே வந்தது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியது முதல், இங்கே காடு வெட்டித் தேயிலை நட்டோரில் தமிழர் மிகப் பலர். எம் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குக் கல்லும் மண்ணும் சுமந்தவர் அம்மூதாட்டியாரின் தந்தையார் போன்றோர். திருவிழாவிற் பரிவட்டம் கட்டியதோ பெரிய கங்காணியின் தலையில். எம் பாட்டனாரும் அன்று கணக்கப்பிள்ளையாக முன்வரிசையில் நின்றவரே. அதனை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

திரும்பி வந்து யாவற்றையும் கூறினோம். மூதாட்டியார் குங்குமத்தை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வினவினார்:

"எந்த வழியா உள்ள போனீங்க?"

கட்டணச் சீட்டு வழி ஒன்றும் கட்டணமில்லா வழி ஒன்றும் உண்டென விளக்கி, யாம் இரண்டாவதில் நின்றதைச் சொன்னோம்.

"பக்கத்துல யாரு நின்னாங்க?"

"தெரியாது பாட்டி. யாரும் யாரையும் கேட்கவில்லை."

"குளத்தப் பத்தி இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னோம்.