லொறியில் ஏறிய நூதனசாலை

நூதனசாலை என்றதும் நம் மனக்கண்முன் எழுவது தலைநகரத்துப் பெருங்கட்டிடம். அதைக் காண நாம்தான் போகவேண்டும். அது நம்மிடம் வராது. ஆனால் 1932ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டிலே ஒரு நூதனசாலை லொறியிலேறிக் கிராமத்தாரைத் தேடிச் சென்றது.

1931 ஏப்பிரலில் அந்நாட்டில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. அடுத்த மாதமே அரசு ‘கல்வித் தூது’ என்னும் அமைப்பை நிறுவிற்று. தலைவர் மனுவேல் கொசீயோ, எல் கிறெக்கோ என்னும் ஓவியரைப் பற்றி 1908இல் பெருநூல் எழுதிய பேரறிஞர். எழுபதைக் கடந்து நோய்வாய்ப்பட்டிருந்த அம்முதியவரே இளைஞரைக் கிராமங்களுக்கு ஏவினார். மட்றிட் நகரின் பிறாடோ நூதனசாலையிலுள்ள கலைச்செல்வத்தில் ஏர்பிடிப்பவனுக்கும் பங்குண்டு என்பது அவர் கொள்கை.

மூல ஓவியங்களை மலைப்பாதையில் ஏற்றிச்செல்ல யார் துணிவர்? ஆகவே பெரிய பிரதிகள் தீட்டப்பட்டன. தீட்டியோர் ரமோன் கயா, ஹுவான் பொனாபே, எடுவார்தோ விசென்தே என்னும் இளைஞர். கயாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. நம்மில் பலரின் வயதுதான்! வெலாஸ்கஸ் வரைந்த அரசிளங்குமரியும் தோழியரும், எல் கிறெக்கோவின் உயிர்த்தெழுதல், கோயாவின் துப்பாக்கிச் சூட்டுக் காட்சி முதலாகப் பதினான்கு படங்கள் ஒரு தொகுதியாயின. 1932 ஒக்டோபரில் பார்க்கோ தே ஆவிலா என்னும் ஊரில் முதற் காட்சி நடந்தது. பின்னர் இரண்டாம் தொகுதியொன்றும் புறப்பட்டது. ஊர்மன்றத்திலோ பாடசாலையிலோ படங்களை மாட்டி, உடன்சென்ற இளைஞர் எழுத்தறியாதோர்க்கும் விளங்கக் கதைபோல எடுத்துரைத்தனர். திரும்பும்போது சில ஓவியங்களின் புகைப்படப் பிரதிகளை ஊருக்கே விட்டுச்சென்றனர்.

பிரதி பிரதிதானே என்பார் உளர். மூலத்தை என்றுமே காணமுடியாதவனிடம் அந்த வாதம் செல்லாது என்பதே எம் எண்ணம். எம்மை உறுத்துவது வேறு கேள்வி. பசித்தவனுக்குப் படம் எதற்கு?

அந்தக் கேள்வி அவர்களையும் சுட்டது. 1934இல் அதே அமைப்பின் நாடக, இசைக் குழுவினரான மாணவர், அலெஹாந்திரோ கசோனாவின் தலைமையில் சான் மார்த்தின் தே கஸ்தஞ்ஞேடா என்னும் ஏரிக்கரைக் கிராமத்துக்குப் போயினர். அங்கே கண்டது பிணியும் பட்டினியும். கையிலிருந்ததோ பாட்டும் கூத்தும். நாணித் திரும்பியவர்கள் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே மருந்தும் விதையும் கொண்டு மீண்டும் அப்பகுதிக்குச் சென்றனர். பிள்ளைகளுக்கு உணவும் வழங்கினர். பாட்டையும் அவர்கள் கைவிடவில்லை. அந்த இரண்டாம் பயணத்தையே நாம் முதற் பயணத்திலும் உயர்வாக மதிக்கிறோம்.

கொசீயோ 1935இல் மறைந்தார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. லொறிகளின் கிராமப் பயணம் நின்றது. 1939இல் குண்டுவீச்சில் மனைவியைப் பறிகொடுத்த கயா, மெக்சிக்கோவில் அகதியானார். பிறாடோவுக்கு வெகுதொலைவில், அச்சுப் பிரதிகளைப் பார்த்தே அவர் வெலாஸ்கஸுக்கு அஞ்சலி ஓவியங்கள் தீட்டிக்கொண்டிருந்தார்.