எருசலேமிலிருந்து ஒரு மடல்



குருத்தோலை ஞாயிறன்று கிறிஸ்தவர்கள் கையில் தென்னங்குருத்தை ஏந்தி ஊர்வலம் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்த ஊர்வலத்தை முதன்முதலில் விவரமாக எழுதி வைத்தவர் அரசரும் அல்லர், ஆயரும் அல்லர். யாத்திரை போன ஒரு பெண், ஊரிலிருந்த தம் சகோதரியருக்கு எழுதிய மடலில்தான் அது இருக்கிறது.

1884ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் அரெட்சோ நகர நூலகம் ஒன்றில் கமுரீனி என்ற அறிஞர் ஒரு பழைய இலத்தீன் ஏட்டைக் கண்டெடுத்தார். அது 11ஆம் நூற்றாண்டில் எழுதிய படி. முதலும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே எழுதியவர் பெயரும் இல்லை. சில்வியா என்று வேறொரு பெண்மணியின் பெயரைச் சிலகாலம் சூட்டி வைத்தனர். 1903இல் பெரோத்தேன் என்ற துறவி, ஸ்பெயின் நாட்டில் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வலேரியுஸ் என்பவரின் கடிதத்தோடு ஒப்பிட்டு, இவர் எகேரியா என்று காட்டினார். அவருடைய பயணம் 381க்கும் 384க்கும் இடையில் நடந்தது என்பதை 1967இல் தெவோஸ் என்ற ஆய்வாளர் நிறுவினார்.

எகேரியா கண்டது என்ன? பகல் ஒரு மணிக்கு மக்கள் ஒலிவ மலையில் கூடுகிறார்கள். பாடலும் வாசகமுமாகப் பொழுது போகிறது. மாலை ஐந்து மணி அளவில் கையில் குருத்தோலையோ ஒலிவக் கிளையோ ஏந்தி நகரத்துக்கு இறங்குகிறார்கள். நடக்கத் தெரியாத குழந்தைகளைப் பெற்றோர் கழுத்தில் சுமந்து வருகிறார்கள். தைப்பூசத்தில் நாம் காணாததா இது! கூட்டம் களைத்துவிடக் கூடாதென்று மெல்ல மெல்லவே நடக்கிறார்கள்.

பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்தை முத்தமிட வருவோரைத் திருத்தொண்டர்கள் சுற்றி நின்று காவல் காப்பார்களாம். முன்பு ஒருவர் முத்தமிடுவது போல் குனிந்து, ஒரு துண்டைக் கடித்துத் திருடிக்கொண்டு போய்விட்டாராம்! இதையெல்லாம் சட்டப் புத்தகத்தில் யார் எழுதுவார்கள்?

ஞானஸ்நானம் பெற விரும்புகிறவர் தவக்காலத் தொடக்கத்திலேயே பெயர் கொடுக்க வேண்டும். ஆயர் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, இவர் பெற்றோரை மதிப்பவரா, குடிகாரரா என்று விசாரிப்பார். சாட்சி சொல்ல ஆளில்லாத வெளியூர்க்காரருக்குக் காரியம் எளிதாக நடக்காது. தெரியாத சீமையில் கப்பலிறங்கிய நம் முன்னோர் இருந்தால் இந்தச் சங்கடத்தை நன்றாக உணர்ந்திருப்பார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது மொழியைப் பற்றிய பகுதி. ஆயர் கிரேக்க மொழியில் மட்டுமே பேசுவார்; சிரிய மொழி அவருக்குத் தெரிந்திருந்தாலும் அதில் பேசுவதில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு குரு நின்று, ஒவ்வொன்றையும் சிரிய மொழியில் சொல்வார். வேத வாசகத்துக்கும் அப்படியே. இலத்தீன் மட்டுமே அறிந்தவர்கள் வந்தால், இரு மொழியும் தெரிந்தவர்கள் அவர்களுக்கு விளக்குவார்கள். வந்தவர் யாரும் விளங்காமல் திரும்பக் கூடாது என்ற கவலை அன்றே இருந்திருக்கிறது. பிற்காலத்தில் கத்தோலிக்கப் பூசை பல நூற்றாண்டுகள் இலத்தீனிலேயே நடந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்கள் மொழிக்கு வழிவிட்ட பிறகே, நம் ஊர்க் கோயில்களிலும் பூசை தமிழில் ஒலித்தது.

ஒரே ஒருவர் எழுதியதை நம்பலாமா என்று கேட்கலாம். 5ஆம் நூற்றாண்டில் எருசலேமில் எந்த நாளில் எந்த வாசகம் படிப்பது, எங்கே கூடுவது என்று குறித்த பட்டியல் ஒன்று அர்மேனிய மொழிபெயர்ப்பில் பிழைத்திருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். பல இடங்களில் நாளும் கோயிலும் ஒத்துப்போயின. நாளுக்கும் இடத்துக்கும் ஏற்ற வாசகம் படித்தார்கள் என்று மட்டும் எகேரியா எழுதியிருந்தார். எந்த வாசகம் என்பதை அர்மேனியப் பட்டியல் சொன்னது.

எருசலேம் ஊர்வலம் கிழக்கிலும் மேற்கிலும் பரவியது. பனைவகை வளராத ருசிய நாட்டில் அலரிக் கிளை பிடித்தார்கள். நமக்குத் தென்னை கிடைத்தது.

மடலின் கடைசிப் பகுதியில் எருசலேம் கோயிலை நேர்ந்தளித்த நாளின் விழா வருகிறது. எட்டு நாள் விழா. எந்த நாளில் எங்கே கூடினார்கள் என்று எகேரியா சொல்லிக்கொண்டு வரும்போதே ஏடு நின்றுவிடுகிறது.