அல்பாகாவும் கிடையாட்டுப் புழுக்கையும்

போன வாரம் ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. ஆஸ்திரேலியாவில் செம்மறி மந்தையோடு அல்பாகாவையும் சேர்த்து வளர்த்து, ரெண்டின் ரோமத்தையும் கத்தரித்து விற்பதைப் பற்றிப் படித்துக் கொண்டிருந்தேன். நரி வந்தால் விரட்டுமாம், மந்தைக்குக் காவலும் ஆச்சு. அட, நம்ம வாடிப்பட்டிப் பக்கம் செஞ்சா என்னன்னு ஒரு யோசனை. ஊருக்குப் போனப்ப, அறுத்த வயலில் கிடை போட்டிருந்த பெரியவரிடம் செல்போனில் படத்தைக் காட்டினேன். உத்துப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்:

"ஏந்தம்பி, இது வயக்காட்டுக்குப் புழுக்கை போடுமா?"

சிரிச்சுட்டு வந்துட்டேன். அப்புறம் வரலாற்றைத் தோண்டினால், அவர் கேட்டதுதான் சரியான கேள்வி மக்களே.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். அல்பாகாவின் சொந்த ஊர் ஆண்டீஸ் மலை. பெருவிலும் பொலிவியாவிலும் 3,500 மீட்டருக்கு மேலே மேயும் பிராணி. 1836-இல் டைட்டஸ் சால்ட் என்ற பிராட்ஃபோர்டு ஆலைக்காரர், லிவர்பூலில் சீந்துவாரில்லாமல் கிடந்த அல்பாகா மூட்டைகளைப் பார்த்து வாங்கினார். அதில் பளபளப்பான, லேசான துணி நெய்து பெரும் பணக்காரர் ஆனார். அந்தத் துணி இங்கேயும் வந்தது. அந்தக் கால வக்கீல்களும் குமாஸ்தாக்களும் போட்ட அல்பாகா கோட்டு அதுதான். துணி வந்தது, பிராணி வரலை.

பிராணியைக் கடல் தாண்டிக் கொண்டுபோக முயன்றவர் சார்லஸ் லெட்ஜர். உயிரோடு ஏற்றுமதி செய்யத் தடை இருந்தும், பல வருஷம் மலை மலையாக ஓட்டி, 1858-இல் 250-க்கும் மேற்பட்டவற்றை சிட்னியில் இறக்கினார். சில வருடங்களிலேயே அந்த முயற்சி படுத்துவிட்டது. இதே லெட்ஜர்தான் 1865-இல் நல்ல சின்கோனா விதைகளையும் வெளியே அனுப்பியவர். அதற்கு முன்பே, 1860-இல், ஆண்டீஸிலிருந்து சின்கோனா நம்ம நீலகிரிக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆண்டீஸ் மரம் நம்ம மலையில் வேர் பிடித்தது. ரோமத்துக்கு மட்டும் வெள்ளைக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். உள்ளூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களைச் சேர்த்தார்கள். அப்படி உருவானதுதான் நீலகிரி ஆடு. நல்ல மென்மையான ரோமம். இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது; சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றி வருகிறது.

சரி, சமவெளியில்? இங்கேயும் ரோம ஆடு உண்டு. கோயம்புத்தூர் ஆடு என்று புத்தகத்தில் எழுதப்படும் குறும்பை, திண்டுக்கல்லும் சேர்ந்திருந்த பழைய மதுரை மாவட்டம் வரை பரவியிருந்தது. ரோமம் முரடு, சுமார் 40 மைக்ரான் (அல்பாகா 20 முதல் 30). அப்படிப்பட்ட முரட்டு ரோமத்தில் குறும்பர்கள் நெய்த கம்பளிதான் வயல் காவலுக்கும் மழைக்கும் துணை. எங்க அப்பத்தா வீட்டுப் பரணிலும் ஒன்று இருந்தது. போர்த்தினால் முள்ளு மாதிரி குத்தும், ஆனா குளிர் கிட்டயே வராது. மில் போர்வை வந்தது, கறி விலை ஏறியது, ரோமத்தைக் கேட்க ஆளில்லாமல் போச்சு.

மதுரைப் பக்கமும் அதற்குத் தெற்கேயும் கதையே வேற. ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர்ப் பொட்டு ஆடு, நம்ம வாடிப்பட்டிப் பக்கத்துக் கச்சைகட்டிக் கறுப்பு எல்லாமே கட்டை முடி ஆடுகள். கத்தரிக்க ஒன்றும் இல்லை. இந்த வெயிலுக்கு அதுதான் வசதி. இவற்றின் வருமானம் கறியும் கிடையும். பகலில் மேய்ச்சல், ராத்திரி வயலில் அடைப்பு, மறுநாள் அடுத்த துண்டு நிலம். வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். உரமூட்டை வருவதற்கு முன் இந்த மண்ணுக்குச் சோறு போட்டது அந்தப் புழுக்கைதான்.

இப்ப பெரியவர் கேள்விக்கு வருவோம். அல்பாகா புழுக்கை போடும். ஆனால் மந்தை முழுக்க ஒரே இடத்தில் குவியலாகப் போடும், அதுதான் அதன் பழக்கம். வயல் முழுக்கப் பரவாது. கிடைக்கு லாயக்கில்லை :-)

எங்கிருந்தோ ஒரு பிராணியைக் கொண்டுவர யோசிச்ச எனக்கு, குறும்பை ஆட்டை இதுவரை நேரில் பார்த்ததில்லைங்கறது அப்பத்தான் உறைச்சது. அப்பத்தாவின் கம்பளியை, வீட்டை இடிச்சுக் கட்டினப்ப நாங்களே தூக்கிப் போட்டுட்டோம். உங்க வீட்டுப் பரண்ல அப்படி ஒண்ணு கிடந்தா, தூக்கிப் போடறதுக்கு முன்னாடி யார் நெய்ததுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க.