இரண்டாம் பீப்பாய்

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்தில், ஒரு கோடை மாலையில், நம் முன் இரண்டு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் வைக்கப்பட்டன. அடி அகன்று வாய் குறுகியவை. ஒன்றில் வழக்கமான போர்பன் விஸ்கி. மற்றதில் ஏஞ்சல்ஸ் என்வி. அதாவது முதிர்ந்த போர்பனைப் போர்ட் ஒயின் இருந்த பீப்பாய்களுக்கு மாற்றி, மேலும் 3 முதல் 6 மாதங்கள் வரை வைத்திருந்து எடுத்தது. “இந்த இரண்டாவதைப் போர்பன் என்று சொல்லலாமா? தமிழ் வாத்தியார் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்” என்றார் நண்பர். விளையாட்டாகக் கேட்டதுதான். ஆயினும் அக்கேள்விக்குப் பின்னே நூறாண்டு கடந்த வழக்கு ஒன்று உண்டு.

போர்பன் என்னும் பெயருக்கு அமெரிக்கச் சட்டம் இலக்கணமே வகுத்துள்ளது. தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம் இருத்தல் வேண்டும். வடிக்கையில் ஆல்கஹால் 80 விழுக்காட்டைக் கடத்தல் ஆகாது. பீப்பாயில் ஊற்றுகையில் 62.5 விழுக்காட்டை மிகுதல் ஆகாது. அப்பீப்பாய் உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். நிறமும் சுவையும் புறத்தேயிருந்து சேர்த்தல் கூடாது. தொல்காப்பியம் நடத்துவோர்க்கு இந்த நூற்பா நடை புதிதன்று.

இவ்விலக்கணத்துக்கு வித்திட்டது கலப்படம். 19ஆம் நூற்றாண்டில் வடிசாலைகள் பெரும்பாலும் விஸ்கியைப் பீப்பாயோடு விற்றுவிடும். அதனை வாங்கிய இடைவணிகர்களுள் பலர், முதிராத எரிசாராயத்தைக் கலந்து, கருக்கிய சர்க்கரையால் நிறமும் உலர்ந்த பிளம் பழச் சாற்றால் இனிப்பும் ஊட்டிப் ‘பழைய விஸ்கி’ ஆக்கினர். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவனின் சரக்கும் ஒரே நாளில் கலக்கியவனின் சரக்கும் ஒரே பெயரில் கடைக்கு வந்தன. 1870இல் லூயிவில்லைச் சேர்ந்த ஜார்ஜ் கார்வின் பிரௌன், தம் ஓல்டு ஃபாரஸ்டர் விஸ்கியை முத்திரையிட்ட புட்டிகளில் மட்டுமே விற்கத் தொடங்கினார். கர்னல் எட்மண்ட் டெய்லர் முதலானோரின் முயற்சியால் 1897இல் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ சட்டம் வந்தது. ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து, அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் நான்கு ஆண்டுகளேனும் வைத்து, 50 விழுக்காடு ஆல்கஹாலுடன் அடைத்ததற்கு அரசே சான்று கூறியது.

வழக்கு அத்துடன் ஓயவில்லை. 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியதும், வேதியியல் அறிஞர் ஹார்வி வைலி, பீப்பாயில் முதிர்ந்ததே விஸ்கி, ஏனையவை போலி என வாதிட்டார். இடைவணிகர்கள் விடவில்லை. ‘விஸ்கி என்றால் என்ன?’ என்னும் வினா குடியரசுத் தலைவர் வில்லியம் டாஃப்ட்டின் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. 1909 டிசம்பரில் அவர் உரைத்த முடிவின் சாரம் இது: தானியத்தில் வடித்தவற்றுக்கு விஸ்கி என்னும் பெயர் பொருந்தும், ஆனால் கலந்ததைக் கலந்தது என்றும், கலவாததை ‘ஸ்ட்ரெயிட்’ என்றும் சீட்டில் எழுதவேண்டும். ஒரு நாட்டின் தலைவர் அமர்ந்து ஒரு சொல்லுக்குப் பொருள் ஆராய்ந்தார் என்பது நம் போன்றோர்க்கு மதுவினும் இனிய செய்தி.

1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகு, அந்தப் பத்தாண்டில் வகுத்த விதிகளால்தான் புதிய பீப்பாய் கட்டாயமாயிற்று. ஒருமுறை பயன்பட்டதில் மீண்டும் போர்பனை முதிரவைக்க இயலாது. எனவே பழையவை ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறின. அங்கே பால்வெனி வடிசாலையின் டேவிட் ஸ்டூவர்ட், 1980களில், ஒரு பீப்பாயில் முதிர்ந்ததை ஷெர்ரி இருந்த வேறொரு பீப்பாய்க்கு மாற்றிப் பார்த்தார். 1993இல் அம்முறையில் ‘டபிள்வுட்’ வெளிவந்தது. அந்த உத்தியைக் கென்டக்கியில் பரவலாக அறியச் செய்தவருள் முதன்மையானவர் லிங்கன் ஹெண்டர்சன். மேலே கூறிய பிரௌன் நிறுவிய பிரௌன்-ஃபோர்மனில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றபின் ஏஞ்சல்ஸ் என்வியைத் தொடங்கினார்; 2013இல் மறைந்தார். பீப்பாயிலிருந்து ஆவியாகும் பங்கு தேவதைகளுக்கு உரியது என்பது அத்தொழிலின் வழக்கு. எஞ்சியதைக் கண்டு அத்தேவதைகள் பொறாமைப்படுவார்களாம்.

இனிக் கிண்ணங்களுக்கு வருவோம். வாயைச் சற்றே திறந்தபடி முகர வேண்டும். மூடினால் சாராய நெடி மூக்கை அடைத்துவிடும். முதற்கிண்ணத்தில் வெனிலா மணமும் பாகு காய்ச்சும் மணமும் எழுந்தன. ஓக் மரத்தின் லிக்னின் தீயில் சிதைந்து வெனிலின் ஆகிறது. மரத்துச் சர்க்கரைகள் கருகிப் பாகாகின்றன. நாவில் இனிப்பு, பின் மிளகின் காரம், இறுதியில் மரத்தின் துவர்ப்பு. இரண்டாம் கிண்ணம் சற்றே செம்மை கூடியது. முதலில் அதே வெனிலா. விழுங்கிய பின்னரே உலர்திராட்சை வந்தது. இந்த வரிசைதான் நாம் பார்க்க வேண்டியது. திராட்சை முன்னே பாய்ந்து வந்து போர்பனை மறைத்திருந்தால், அந்தப் பழைய பிளம் சாற்றுக்கும் போர்ட் பீப்பாய்க்கும் வேறுபாடு மிகக் குறைவு; பலகையில் ஊறிய ஒயினும் புறச்சுவையே. இங்கே மறைக்கவில்லை. நான்கு துளி நீர் சேர்த்தும் பார்த்தோம். போர்பனின் எலும்பு உள்ளேயே இருந்தது. ஆனால் முதற்கிண்ணத்து மிளகுக் காரம் மழுங்கிவிட்டது. 43.3 விழுக்காடு என்னும் மென்மையும் அதற்கு ஒரு காரணமாகலாம். மூன்றாம் மிடறில் அக்காரத்தை நாம் தேடினோம்.

நண்பரின் வினாவுக்கு விடை கூறுமுன் புட்டியின் சீட்டைப் படிக்கச் சொன்னோம். ‘போர்ட் ஒயின் பீப்பாய்களில் நிறைவு செய்யப்பட்ட கென்டக்கி ஸ்ட்ரெயிட் போர்பன் விஸ்கி’ என்ற பொருளில் முழுமையாகவே எழுதியிருந்தது. வெறும் போர்பன் என்று எழுத விதி இடம் தராது. இத்தகையதற்கு என்ன செய்யப்பட்டது என்பதையும் கூறியாக வேண்டும். டாஃப்ட் கேட்டதும் இவ்வளவே. “பெயரில் பிழையில்லை, அடைமொழியை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்” என்றோம். நண்பருக்கு இவ்விடை நிறைவு தந்ததாகத் தெரியவில்லை. சுவையில் எது மேல் என்றே அவர் அறிய விரும்பினார். நாம் முதற்கிண்ணத்தை அவர்பால் நீட்டினோம்.