புள்ளி விதியும் சுவடி வாசிப்பும்: மேல்சித்தாமூரை முன்னிட்டுச் சில குறிப்புகள்

தமிழ்ச் சமணரின் தலைமை மடம் அமைந்துள்ள மேல்சித்தாமூர், ஏட்டுச் சுவடிகளைப் பேணிவந்த இடங்களுள் ஒன்று. இத்தகைய சுவடிகளை வாசிப்போர் எதிர்கொள்ளும் அடிப்படைச் சிக்கல், எழுத்திலக்கணம் வகுத்த விதிக்கும் ஏடெழுதுவோர் வழக்கிற்கும் இடையிலான வேறுபாடாகும்.

மெய்யும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பிய நூன்மரபு விதிக்கிறது. சமண முனிவரான பவணந்தியாரின் நன்னூலும் அதனை வழிமொழிகிறது. ஆயினும் பனையோலைகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எழுத்தாணியின் குத்து ஓலையைச் சிதைக்கும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அத்துடன் ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. நெடிலுக்குத் தனிக் கொம்பு வழங்கும் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரால் அறியப்படுவது. அது பதினெட்டாம் நூற்றாண்டினது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கொம்பு, பகரம், காலோ ரகரமோ ஆகத்தக்க கோடு, ருகரம், புள்ளியற்ற ளகரம் என்னும் வரிசை, 'பொருள்', 'போருள்', 'பேரருள்' என மூவகையாக வாசிக்க இடந்தரும். செய்யுளில் யாப்பு துணைநிற்கும்: முதலாவது நிரையசை, இரண்டாவது நேர்நேர், மூன்றாவது நேர்நிரை. அடிமுதலாயின் எதுகையும் சான்றாகும். ஆனால் உரைகளிலும், ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள உரைநடை நூல்களிலும் அத்துணை இல்லை. சமயப் பொருண்மை பேசும் தொடரில் 'பொருள்', 'பேரருள்' இரண்டும் பொருந்திவரக்கூடும். அங்கு வாசிப்பவரின் புலமையே பாடத்தை முடிவு செய்கிறது.

இத்தகைய நிலை தமிழெழுத்திற்கு மட்டும் உரியதன்று. 1997இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4 தன்னை எஸ்.ஜி.எம்.எல். நெறிக்குட்பட்டதாக வரையறுத்தது, உலாவிகளோ அந்நெறிப்படி பக்கங்களைப் பகுக்கவில்லை. 2014இல் பரிந்துரையான எச்.டி.எம்.எல். 5, பிழையுள்ள பக்கத்தையும் எவ்வாறு பகுப்பது என்பதைப் படிப்படியாக விதித்தது. எழுதும் முறையை மட்டும் விதித்தல் போதாது, வாசிக்கும் முறையையும் விதித்தல் வேண்டும் என்பதே அதன் படிப்பினை.

சுவடிகளை மின்னுருவாக்கும் இக்காலத்தில் இது பதிப்பியலுக்கு நேரடியாகப் பொருந்தும். யூனிகோடு எகர ஏகாரங்களுக்கும், ரகரத்திற்கும் காலுக்கும் வெவ்வேறு குறியெண்களை அளிக்கிறது. எனவே தட்டெழுதும் கணத்திலேயே ஒரு வாசிப்பு தேர்வாகி, ஏனையவை சுவடின்றி மறைகின்றன. ஏட்டின் வரிவடிவை உள்ளவாறே குறிக்கும் படியும், பதிப்பாசிரியர் தேர்ந்த பாடமும் தனித்தனியே தரப்படுதல் வேண்டும். தேர்வுக்கு யாப்பு, எதுகை, சூழல் ஆகியவற்றுள் எது சான்று என்பதும் சுட்டப்படல் வேண்டும். அவ்வாறன்றேல், ஊகம் மூலபாடமாக நிலைபெற்றுவிடும்.