பனிச்சறுக்கு, இந்தியாவில்

இரு நீள்பலகைகளைக் காலில் பூட்டிப் பனிமேல் வழுக்கிச் செல்லும் முறையே பனிச்சறுக்கு. வடக்கு ரஷ்யாவின் விஸ் பகுதியில் கிடைத்த பலகைத் துண்டுகள் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையானவை. வேட்டைக்கும் பயணத்துக்கும் பிறந்த கருவி இது. அதை விளையாட்டாக வளர்த்தது 19ஆம் நூற்றாண்டு நார்வே. அந்நாட்டு டெலிமார்க் பகுதியின் சோந்ரே நூர்ஹெய்ம் குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பிணைப்பைப் பரவலாக்கினார். திரும்புவதும் தாவுவதும் எளிதாயின. 1924 சாமோனி குளிர்கால ஒலிம்பிக்கில் தாவலும் நெடுந்தூர ஓட்டமும் இருந்தன. மலைச்சரிவுப் போட்டி 1936இல்தான் வந்தது.

இந்தியாவிலோ அது வாழ்க்கைத் தேவையாக அன்றி, ஆங்கிலேயரின் பொழுதுபோக்காகவே காஷ்மீரின் குல்மார்க்கில் வேரூன்றியது; 1927இல் அங்கே சங்கமும் அமைந்தது. இவ்விளையாட்டில் நாடு பின்தங்கியதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். ஆனால் இந்தியா வெப்ப நாடு என்பதே காரணம் என்பார்கள் சிலர். தமிழ்நாட்டின் விராலிமலைச் சிறுவனுக்கு இது பொருந்தும். இமயமலைச் சிறுவனுக்குப் பொருந்தாது. அவனுக்குப் பனி வாசலிலேயே உண்டு. பலகை, பயிற்சியாளர், ஏற்றிச் செல்லும் கம்பிவடம் ஆகியவைதான் அரிது. 1964இல் இந்தியாவுக்காக முதன்முதலில் குளிர்கால ஒலிம்பிக்கில் சறுக்கிய ஜெரமி புஜகோவ்ஸ்கி போலந்து வம்சாவளியினர். 2022 பெய்ஜிங்கில் இந்தியாவின் ஒரே வீரராகச் சென்று, பெருவளைவுச் சறுக்கில் 45ஆம் இடம்பெற்ற ஆரிப் கான் காஷ்மீர்க்காரர்தான். ஆனால் அவர் தந்தை குல்மார்க்கில் சறுக்குக் கருவிக் கடை நடத்தியவர்; பலகை அவருக்கு அரிதாக இருக்கவில்லை.