மணக்கொடையும் மண்ணுரிமையும்
மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு நோக்கு

கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் செல்வோர் காண விரும்புவன பல. போர்த்துகீசியர் 1555-ஆம் ஆண்டளவில் கட்டி அரசர்க்கு அளித்ததும், பின்னர் டச்சுக்காரர் புதுக்கியதால் ‘டச்சு அரண்மனை’ என்று பெயர் பெற்றதுமாகிய மாளிகை அவற்றுள் ஒன்று. அதன் சுவரோவியங்களைக் கண்டு வியக்கின்றோம். கூனன் குரிசுப் பள்ளியின் முன் நின்று 1653-ஆம் ஆண்டில் சுரியானிக் கிறித்தவர் செய்த சூளுறவை எண்ணிப் பார்க்கின்றோம். ஆயின், ஒரே ஊரில் அமைந்த இவ்விரு நினைவிடங்களுக்கும் உரிய மக்கள், நிலத்தையும் மணத்தையும் முற்றிலும் வேறுபட்ட இருவகை முறைகளால் பிணைத்து வாழ்ந்தனர் என்பதை நினைப்பவர் சிலரே. அம்முறைகளில் பெண்ணுக்குக் கிடைத்தது யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதலில் ஆங்கில நாட்டை நோக்குவோம். அங்கு நிலக்கிழார் குடும்பங்கள் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் திருமண ஒப்பந்தத்தையே நிலத்தின் காவலாகக் கொண்டன. தந்தைக்கு வாழ்நாள் அளவும் உரிமை; அவருக்குப்பின் மூத்த மகனுக்கும் வாழ்நாள் அளவே உரிமை; அதன்பின் இன்னும் பிறவாத பேரனுக்கு வழியுரிமை. இவ்வாறு எழுதிவைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த மகன் மணம்புரியும் காலத்தில் அதனைப் புதுப்பித்தனர். நிலம் சிதறவில்லை, அதனை விற்கும் முழு அதிகாரமும் எவர் கையிலும் இல்லை. மணமகளுக்குக் கைச்செலவுக்கென ஒரு தொகையும், கைம்மைக்காலத்துக்கென ஆண்டு வருவாயும் ஒதுக்கப்பட்டன. இளைய மக்களும் பெண்மக்களும் பணமாகப் பங்கு பெற்றனர்.

இதில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுதும் துய்க்கும் உரிமை, பழைய ஆங்கில வழக்கில் கைம்பெண்ணுக்கு இருந்தது. 1536-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணத்துக்கு முன்னரே அவளுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டால் அவ்வுரிமை அற்றுப்போகும். கொடுத்தது உண்மை, கொடுத்ததற்கு ஈடாக ஒன்றை எடுத்துக்கொண்டதும் உண்மை. ‘ஈடாக’ என்னும் இச்சொல்லை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

இனி மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வருவோம். பெரும்படப்பு மரபினராகிய கொச்சி மன்னர் மருமக்கள் தாயத்தினர். அரசனுக்குப்பின் அவன் மகன் அரியணை ஏறுவதில்லை. தாய்வழியில் மூத்த ஆடவனே ஏறுவான். நாயர் தறவாடுகளிலும் இதுவே நெறி. குடும்பம் பெண்வழியே தொடர்ந்தது. பெண்ணின் மக்களே தறவாட்டினர். மணம் என்பது நிலத்தைத் தொடுவதே இல்லை. கணவன் வருவான், போவான். மனைவி தான் பிறந்த மண்ணிலேயே இருப்பாள். ஆங்கிலக் கிழாரின் வழக்கறிஞர் இதனைக் கண்டிருப்பின் திகைத்திருப்பார்!

ஆயின் இதனைப் பெண்ணாட்சி என்று புகழ்ந்துவிடல் பொருந்துமோ? சொத்தை ஆண்டவர் காரணவர் என்னும் மூத்த ஆடவர். அனைவரும் இசைந்தாலன்றிப் பங்கு பிரிக்க இயலாது. பெண்ணின் வழியே நிலம் வந்தது; பெண்ணின் கையில் திறவுகோல் இல்லை. மற்றொருபால், காரணவரின் மனைவியும் மக்களும் அவர் மறைந்த பின்னர் அவ்வீட்டில் அயலாராயினர். இத்துன்பம் நாஞ்சில் நாட்டுத் தமிழ் வேளாளரிடையேயும் நிலவியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இயற்றிய ‘மருமக்கள்வழி மான்மியம்’ ஒரு காரணவரின் மனைவி வாயிலாக அதனையே நகையும் கண்ணீரும் கலந்து பாடிற்று. மலையாளத்தில் 1889-இல் ‘இந்துலேகா’ என்னும் புதினத்தைப் படைத்த சந்து மேனோன், 1891-ஆம் ஆண்டின் மலபார் திருமண ஆணையத்திலும் அமர்ந்தவர். இலக்கியம் முன்னே சென்றது. சட்டம் பின்னே வந்தது எனலாம்.

சட்டம் வந்தது மெல்லத்தான். கொச்சியில் 1920-இல் இயற்றப்பட்ட நாயர் சட்டம் மணவுறவைச் சட்டமுறைத் திருமணமாக ஏற்றது. நாஞ்சில் வேளாளர்க்குத் திருவிதாங்கூர் அரசு 1926-இல் தனிச்சட்டம் செய்தது. 1938-இல் கொச்சியின் புதிய நாயர் சட்டமும் மருமக்கள் தாயச் சட்டமும் வந்து, தறவாடுகள் பங்காக வழி திறந்தன. அரச குடும்பத்தின் பொதுச் சொத்தும் 1961-ஆம் ஆண்டின் தனிச்சட்டத்தால் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. 1976 டிசம்பர் முதல் நாளில் கேரளத்தில் கூட்டுக்குடும்ப முறையே சட்டத்தால் மறைந்தது.

அரண்மனையை விட்டுக் கிறித்தவர் இல்லங்களை நோக்கின், காட்சி தலைகீழாக மாறுகின்றது. இங்கு மரபு தந்தை வழியது. நிலம் மகனுக்கு, மகளுக்குச் சீதனம். 1921-ஆம் ஆண்டில் உருவான கொச்சிக் கிறித்தவர் வாரிசுச் சட்டம், சீதனம் இன்னதென வரையறுத்தது. பெற்றோர் சொத்தில் பெண்ணுக்குள்ள உரிமைக்கு ஈடாக, அவளுக்கோ, அவள் பொருட்டு அவள் கணவனுக்கோ, அவன் பெற்றோருக்கோ கொடுக்கும், அல்லது கொடுப்பதாகச் சொல்லும், பணமும் நகையும் பிறவும் சீதனமாம். அதே ‘ஈடாக’! கடல் கடந்த நாட்டில் நாம் கண்ட அச்சொல்லே இங்கும் வந்து நிற்கின்றது. எனினும் வேறுபாடு உண்டு. ஆங்கில மணமகளின் பங்கைக் காக்க அறங்காவலர் இருந்தனர். இங்கோ பொருள் மாமனார் கைக்குச் செல்லலாம். உரிமை மட்டும் அவளை விட்டு நீங்கும். அண்டை நாடாகிய திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடியது. மகன் பங்கில் காற்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் குறைந்தது எதுவோ அதுவே மகளுக்கு. சீதனம் தருவதாகத் தந்தை வாக்களித்திருந்தாலே போதும், அதுவும் இல்லை.

ஈழத்து யாழ்ப்பாணத்தையும் உடன்வைத்து எண்ணுதல் தகும். 1658-இல் யாழ்ப்பாணத்தையும் 1663-இல் கொச்சியையும் கைப்பற்றியது ஒரே டச்சு வணிகக் குழுவே. அதன் அலுவலர் கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தொகுத்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகைப்படுத்திற்று. சீதனம் பெற்ற மகள் பெற்றோர் சொத்தில் மேலும் பங்கு கேட்டல் இயலாது என்பது அங்கும் விதி. ஆயின் அங்குச் சீதனமாக நிலமும் வீடும் பெண் பெயரிலேயே எழுதப்பட்டன. அவற்றை விற்கக் கணவன் இசைவு வேண்டும் என்னும் தளை இருப்பினும், மண் அவளுடையது. கொச்சிப் பெண்ணுக்குக் கிட்டாத பேறு அது.

கேரளக் கிறித்தவப் பெண்ணுக்கு விடிவு 1986 பிப்ரவரி 24-இல் வந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் முதல் நாளிலேயே இப்பகுதிக்கு விரிந்துவிட்டது என்றும், பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் அன்றே ஒழிந்தது என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் தருக்கம் கொச்சிச் சட்டத்தையும் தழுவிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சட்டப்படி இருந்த சம உரிமையைக் கேட்டுப் பெற ஒரு மகள் நீதிமன்றப் படி ஏறவேண்டியிருந்தது என்பதை எண்ணின் நெஞ்சம் கனக்கின்றது.

நாமும் பெருமை பேசுதற்கில்லை. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளைப் பங்காளியாக்கியபோதும், அதற்குமுன் மணமானவளை விலக்கியே வைத்தது. 2005-ஆம் ஆண்டின் நடுவணரசுத் திருத்தமே அவ்வேலியை நீக்கிற்று. சட்டம் நீக்கிய வேலியை வழக்கம் மீண்டும் நடுதலும் உண்டு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் உடன்பிறந்தான் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் மகளிரை நாம் அறிவோம். ‘உனக்குத்தான் அன்றே நகை போட்டாயிற்றே’ என்னும் சொல்லும் நாம் கேட்டதே. பழைய ‘ஈடாக’ என்பதன் வீட்டுமொழி அதுவன்றோ?

மட்டாஞ்சேரி நமக்கு உணர்த்தும் பாடம் இது. பெண்வழி மரபிலும் ஆண்வழி மரபிலும், மணம் நிலத்தைத் தொட்ட இடத்திலும் தொடாத இடத்திலும், கொடுப்பதைப் பெரிதாக்கிக் காட்டி, எடுப்பதைச் சிறிதாக்கி மறைக்கும் வழக்கம் ஒன்றே. மகளுக்கு நாம் அளிக்கும் கொடை அன்பின் அடையாளமாயின், அவள் உரிமைக்கு அது விலையாகலாகாது. கொடை வேறு, உரிமை வேறு. இதனை நம் இல்லங்களில் ஏற்றுக்கொள்ளும் நாளே அச்சட்டங்கள் யாவும் உயிர்பெறும் நாள்.